கண்ணாடியில் பொற்குதிரை: பின்புற ஓவியமும் குதிரையேற்றக் கலையும்

கண்ணாடிப் பலகையின் பின்பக்கத்தில் வரைந்து, முன்பக்கத்திலிருந்து பார்க்கும்படி அமைத்த ஓவியம் பின்புறக் கண்ணாடி ஓவியம் ஆகும். தமிழ்நாட்டில் இதைக் கண்ணாடி ஓவியம் அல்லது கண்ணாடிப் படம் என்று சொல்வதே வழக்கம். வண்ணத்தோடு தங்க ரேக்கும் ஜிகினாத் தாளும் சேரும்போது இது பொன்னிழைத்த கண்ணாடி ஓவியம் ஆகிறது. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் இக்கலை செழித்தது. கடவுளர், அரசர், பெண்டிர் ஆகியோரின் உருவங்களே மிகுதியாக வரையப்பட்டன. குதிரையேறிய வீரன் இக்கலை பரவிய பல நாடுகளில் விரும்பி வரையப்பட்ட உருவம் ஆவான். இக்கட்டுரை அந்தக் குதிரைவீரனைப் பின்தொடர்ந்து செல்கிறது. சிறு கவனக் குறைவாலும் அழியக்கூடிய இப்படங்களை வீட்டில் வைத்திருப்போர் எப்படிக் காப்பது என்பதையும் கூறுகிறது.

செய்முறை

இக்கலையை மாணவர்க்கு விளக்க நான் கையாண்ட எளிய வழி ஒன்று உண்டு. சன்னல் கண்ணாடியின் உட்புறம் நின்று, வெளியே நிற்பவர் படிக்கும்படி உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள். எழுத்துகளை வலமிருந்து இடமாகத் திருப்பி எழுத வேண்டியிருக்கும். கண்ணாடி ஓவியருக்கு இது முதல் சிக்கல். வலக்கையில் வாள் ஏந்திய வீரன் வேண்டுமானால், அவர் வரையும் பக்கத்தில் வாள் இடக்கையில் இருக்க வேண்டும்.

இரண்டாம் சிக்கல் வரிசை. சுவரிலோ துணியிலோ வரைபவர் முதலில் பின்னணியைப் பூசுவார். அதன்மேல் உடல், அதன்மேல் ஆடை, கடைசியில் கண்ணும் நகையும் என்று வருவார். கண்ணாடியில் எல்லாம் தலைகீழ். பார்ப்பவர் கண்ணுக்கு மேலே தெரிய வேண்டியதை முதலில் வரைய வேண்டும். கண்ணின் கருமணி, புருவம், மீசை, முத்துமாலை, கடிவாளத்தின் கோடு ஆகியவை முதலில் வரும். அவற்றின் மேல் முகத்தின் நிறமும் ஆடையின் நிறமும் பூசப்படும். வானமும் திரைச்சீலையும் கடைசியில் வரும். சுவரோவியத்தில் புருவம் பிசகினால் மேலே பூசித் திருத்தலாம். கண்ணாடியில் முகநிறம் பூசிய பிறகு புருவத்தை எட்டவே முடியாது. முழுவதையும் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

மூன்றாவது பொன் வேலை. தஞ்சாவூர்ப் பலகை ஓவியத்தில் சுண்ணத் தூளும் பசையும் குழைத்த சாந்தால் மேடு எழுப்பி, கல் பதித்து, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டுவர். கண்ணாடி ஓவியத்தில் மேடு எழுப்ப இயலாது. நகை, தூண், சேணம் போன்ற இடங்களை வண்ணம் பூசாமல் வெற்றாக விட்டு, அவற்றின் பின்னால் தங்க ரேக்கையோ ஜிகினாத் தாளையோ வைப்பர். சிறிது கசக்கி வைத்த தாள் விளக்கொளியில் பல கோணங்களில் மின்னும். பூசையறையில் அகல் விளக்கின் சுடர் அசையும்போது படமும் அசைவதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம். கடைசியில் மரப்பலகை வைத்து மூடிச் சட்டம் அடித்துவிடுவர்.

ஐரோப்பிய முறை வேறு. அங்கே மெல்லிய பசைநீரால் கண்ணாடியின் பின்புறம் முழுவதும் தங்க ரேக்கை ஒட்டுவர். அது காய்ந்ததும் ஊசியால் கீறிக் குதிரையின் பிடரிமயிர், ஆடையின் மடிப்பு முதலியவற்றை வரைவர். பிறகு பின்னால் கருநிறம் பூசுவர். கீறிய இடமெல்லாம் கருங்கோடாகவும் மற்றவை பொன்னாகவும் தெரியும்.

உரோமிலிருந்து தஞ்சை வரை

பொன்னையும் கண்ணாடியையும் சேர்க்கும் கலை மிகப் பழையது. கி.பி. 4ஆம் நூற்றாண்டு உரோமில், இரு கண்ணாடி அடுக்குகளுக்கு இடையே தங்க ரேக்கில் உருவம் வெட்டிவைத்த கிண்ணங்கள் செய்யப்பட்டன. அவற்றின் அடிப்பகுதிகள் நிலத்தடிக் கல்லறைகளின் சுவர்களில் பதிக்கப்பட்ட நிலையில் கிடைத்துள்ளன. 1400ஆம் ஆண்டளவில் இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி தம் கைந்நூலில், கண்ணாடியில் தங்கம் ஒட்டி ஊசியால் வரையும் முறையை விளக்கினார். 18ஆம் நூற்றாண்டுப் பாரிசில் படச்சட்டம் செய்துவந்த ழான் பத்தீஸ்து குளோமி என்பவர் பெயரால் பிரெஞ்சு மொழியில் இக்கலைக்கு 'எக்லோமீசே' என்ற பெயர் நிலைத்தது. கலை அவருக்குப் பல நூற்றாண்டு முந்தியது. பெயர் மட்டுமே அவருடையது.

18ஆம் நூற்றாண்டில் இக்கலை சீனாவின் காண்டன் துறைமுகத்தில் பெருந்தொழிலாயிற்று. ஐரோப்பியக் கப்பல்கள் கண்ணாடியைக் கொண்டுசென்று ஓவியமாக வாங்கித் திரும்பின. அதே கடல்வழியில் இக்கலை இந்தியாவுக்கும் வந்தது. சீன ஓவியர் சிலர் இந்திய அரசவைகளில் பணிபுரிந்தனர் என்றும் அவர்களிடமிருந்து நம்மவர் கற்றனர் என்றும் ஆய்வாளர் கருதுகின்றனர். ஜெயா அப்பாசாமியும் அன்னா தல்லாபிக்கோலாவும் இந்தியக் கண்ணாடி ஓவியம் பற்றித் தனி நூல்கள் எழுதியுள்ளனர்.

தமிழகத்தில் இக்கலைக்கு இடமளித்தது மராட்டியர் ஆண்ட தஞ்சாவூர். இரண்டாம் சரபோசி (ஆட்சி 1798–1832), அவர் மகன் இரண்டாம் சிவாசி (1832–1855) ஆகியோர் காலத்தில் தஞ்சையில் ஓவியர் குடும்பங்கள் பல வாழ்ந்தன. 1855இல் அரசு ஆங்கிலேயர் கைக்குப் போனபின் ஓவியர்கள் வணிகரையும் நிலக்கிழாரையும் நம்பி வாழ்ந்தனர். கண்ணாடிப் படம் பலகைப் படத்தைவிட விலை குறைவு. ஆகவே அது நடுத்தர வீடுகளுக்கும் சென்றது. செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் இவற்றைக் காணலாம்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்லச்சு வண்ணப் படங்கள் வந்தன. இரவிவர்மா தம் அச்சகத்தை 1894இல் பம்பாயில் தொடங்கினார். சில அணா விலையில் கடவுள் படம் கிடைத்தபோது, நாள்கணக்கில் உழைத்துக் கண்ணாடியில் வரையும் தொழில் தேய்ந்தது.

குதிரையேற்றம் என்னும் கலை

குதிரைமேல் ஏறிச் செல்வது வேறு. குதிரையேற்றக் கலை வேறு. கிரேக்கரான செனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் இதற்கென நூல் எழுதினார். அடித்துச் செய்யவைப்பதில் அழகு இல்லை, குதிரை தானே விரும்பிச் செய்வதுபோல் செய்ய வேண்டும் என்பது அவர் கருத்து. வியன்னாவில் உள்ள இசுபானியக் குதிரையேற்றப் பள்ளியில் இம்மரபு இன்றும் தொடர்கிறது. யுனெசுகோ 2015இல் அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்குக் கற்பிக்கும் நிலைகளில் புகழ்பெற்றது, குதிரை பின்கால்களை மடக்கி அமர்ந்து முன்கால்களைத் தூக்கி அசையாமல் நிற்பது. ஐரோப்பிய மன்னர்களின் குதிரையேறிய உருவங்கள் பலவற்றில் இந்த நிலையைப் பார்க்கலாம்.

நம் நாட்டிலும் இது சாத்திரமாக வளர்ந்தது. கௌடலீயரின் அர்த்தசாத்திரம், குதிரைகளுக்குப் பொறுப்பான அதிகாரியின் கடமைகளைக் கூறும் இடத்தில், வட்டமாகச் சுழல்வது, தாவுவது, சைகைக்கு இணங்குவது எனக் குதிரை பழக வேண்டிய நடைகளை வகைப்படுத்துகிறது. சாலிகோத்திரர், நகுலன் ஆகியோர் பெயரால் அசுவ சாத்திர நூல்கள் வழங்குகின்றன. நகுலன் பெயரிலான அசுவ சாத்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952இல் படங்களுடன் பதிப்பித்தது. தமிழ் மரபு குதிரை நடையை ஐந்து கதி என்று வகுத்தது. மயூர கதி, வானர கதி என விலங்கும் பறவையும் நடக்கும் நடையால் அவை பெயர் பெற்றன.

ஆனால் குதிரை தமிழ் மண்ணுக்குரிய விலங்கன்று. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரபு நாட்டுக் குதிரைகள் ஆண்டுதோறும் பெருந்தொகையில் இறங்கியதையும், பராமரிப்புத் தெரியாமல் அவை விரைவில் இறந்ததையும் எழுதினார். மாணிக்கவாசகர் வரலாற்றில் அரசன் குதிரை வாங்கப் பொன் கொடுத்தனுப்புவதும் இதே நிலையைக் காட்டும். அரிதாக இருந்ததால்தான் குதிரை அரசுக்கும் தெய்வத்துக்கும் உரிய ஊர்தியாயிற்று.

இதன் சான்றைக் காண ஆவணக் காப்பகம் போக வேண்டியதில்லை. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்துக்குச் செல்லுங்கள். திருவரங்கத்துச் சேசகிரிராயர் மண்டபத்துக்கும் செல்லலாம். தூண்தோறும் குதிரைகள் முன்கால் தூக்கி எழுந்து நிற்கின்றன. வியன்னாப் பள்ளி நெடும்பயிற்சியால் சாதிக்கும் நிலையை விசயநகரக் காலச் சிற்பிகள் கல்லில் நிறுத்தியுள்ளனர்.

கண்ணாடியில் ஏறிய வீரர்கள்

இனி இவ்விரு கலைகளும் சந்தித்த இடங்களைப் பார்ப்போம். உருமேனியாவின் திரான்சில்வேனியா உழவர் வீடுகளில், வெள்ளைக் குதிரைமேல் அமர்ந்து பாம்புருவ அரக்கனைக் குத்தும் புனித ஜார்ஜ் கண்ணாடியில் வரையப்பட்டார். துனிசியாவில் அரபுக் காவிய வீரன் அந்தரா குதிரையில் வந்தான். மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில், பிரெஞ்சுக்காரரை எதிர்த்துப் போரிட்டு 1886இல் மடிந்த மன்னர் லாத் தியோர் தம் குதிரையுடன் கண்ணாடியில் ஏறினார்.

இவர்கள் வெவ்வேறு நாட்டு மக்கள். ஆயினும் அவர்கள் தேர்ந்த உருவம் ஒன்றே. இதற்குக் காரணம் தேடினால் எனக்குப் படுவது இது: கண்ணாடிப் படம் அரண்மனைக்குரியதன்று, வீட்டுக்குரியது. வீட்டில் மாட்டுவதற்குக் காவலன் ஒருவன் வேண்டும். குதிரைமேல் இருப்பவன் காவலன் என்பது எல்லா நாட்டிலும் சொல்லாமலே விளங்கும். நம் ஊர் எல்லையில் மண்குதிரைகளோடு நிற்கும் ஐயனாரும் அதே வேலையைத்தான் செய்கிறார். மராட்டியர் வழிபடும் கண்டோபாவும் குதிரையேறிய தெய்வமே. வைணவர்க்குக் கல்கியும், ஆடல்மா என்னும் குதிரையேறிய திருமங்கையாழ்வாரும் உண்டு.

வடதமிழகத்தில் இவர்களோடு நிற்பவன் செஞ்சியின் தேசிங்குராசன். தேஜ்சிங் என்ற இந்தப் புந்தேல இராசபுத்திர இளைஞன், ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்து 1714இல் போர்க்களத்தில் இறந்தான். அவன் உடன்கட்டை ஏறிய மனைவியின் நினைவாக இராணிப்பேட்டை பெயர் பெற்றது என்பது வழக்கு. கதைப்பாடலில் அவனுடைய முதல் வெற்றி வாளால் வந்ததன்று. தில்லியில் எவராலும் அடக்க முடியாத பாராசாரி என்ற குதிரையை ஏறி அடக்கியதே அவ்வெற்றி. இராணிப்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம், திருப்பெரும்புதூர் வழியாகச் சென்னை வரும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில், தேசிங்கு கதையை இரவு முழுதும் கூத்தாகப் பார்த்தவர்கள் என் தலைமுறையில் இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுப் படம்

ஒரகடத்துக்கு அருகில் எங்கள் ஆயா வீட்டின் நடைக்கூடத்தில் அப்படியொரு கண்ணாடிப் படம் இருந்தது. ஒன்றரை அடி உயரம் இருக்கும். முன்கால் தூக்கிய வெள்ளைக் குதிரை, பச்சை வானம், பொன்னாய் மின்னும் சேணம், தலைப்பாகையும் கூர்மீசையுமாக ஒரு வீரன். பெயர் எழுதப்படவில்லை. "தேசிங்குடா அது" என்பார் ஆயா. பெரியப்பாவோ கல்கி என்பார். வாள் வீரனின் இடக்கையில் இருந்தது. "தேசிங்கு இடக்கையாலேயே நூறு பேரை வெட்டுவான்" என்று ஆயா விளக்கம் சொல்வார். நாங்களும் வேலிக்குச்சியை இடக்கையில் பிடித்து விளையாடுவோம்.

ஆசிரியர் பயிற்சி முடித்துப் பல ஆண்டுகள் கழித்து, இக்கலையின் செய்முறையைப் படித்தபோதுதான் அந்த இடக்கை எனக்குப் புரிந்தது. பெயர் தெரியாத அந்த ஓவியர் தாளில் இருந்த ஏதோ ஒரு படத்தின்மேல் கண்ணாடியை வைத்து, திருப்பாமல் அப்படியே கோடிழுத்திருக்கிறார். கண்ணாடியைப் புரட்டியதும் வாள் கைமாறிவிட்டது. ஆயா ஒரு வீரனின் தனித்திறமையாகக் கண்டது, ஓவியரின் கைத்தடம்.

ஊரைச் சுற்றி நிலங்கள் கைமாறத் தொடங்கிய காலத்தில் வீட்டைக் காலி செய்தோம். சாமான் எடுத்து வைத்த நாளில் படம் தூசியாக இருந்தது. நல்லெண்ணத்தோடு உறவினர் ஒருவர் பின்பலகையைக் கழற்றி, சோப்புநீர் நனைத்த துணியால் உட்புறத்தைத் துடைத்தார். இரண்டு இழுப்புதான். வானம் போயிற்று, அதன்பின் முகம் போயிற்று. புருவமும் மீசையும் துணியில் கரியாக வந்தன. நான் அருகிலேயே நின்றேன். கண்ணாடிதானே, துடைத்தால் என்ன என்று நானும் நினைத்தேன். குதிரையும் சேணமும் வாள் பிடித்த கையும் மட்டும் மிஞ்சின. அந்தப் படத்துக்கு ஒரு புகைப்படம்கூட எங்களிடம் இல்லை. வீரன் தேசிங்கா கல்கியா என்று இனி எவரிடம் காட்டிக் கேட்பது?

பழமையை அறிதல்

பழைய கண்ணாடி இன்றைய கண்ணாடிபோல் ஒரே சீராக இராது. அக்காலத்தில் உருகிய கண்ணாடியை ஊதி உருளையாக்கி, வெட்டி விரித்துத் தகடாக்கினர். ஆகவே சாய்த்துப் பார்த்தால் மெல்லிய அலையும் சிறு குமிழிகளும் தெரியும். இன்றைய தகடு, உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுச் செய்யப்படுவது. இம்முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1950களில் உருவாக்கியது. அலையே இல்லாத கண்ணாடியில் 'நூற்றைம்பது ஆண்டுப் பழமை' என்று யாரேனும் விற்றால் ஐயப்படலாம். சட்டத்தின் மரம், ஆணி, பின்பலகையில் படிந்த நிறம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

காக்கும் முறை

கண்ணாடி வண்ணத்தை உறிஞ்சாது. வண்ணம் அதன்மேல் ஒட்டிக்கொண்டு மட்டுமே நிற்கிறது. ஈரமும் வெப்பமும் மாறி மாறித் தாக்கும்போது அது செதிலாக உரியும். எனவே கீழ்க்கண்டவற்றை நினைவில் வைக்க வேண்டும்.

1. பின்பலகையைக் கழற்றக் கூடாது. பின்புறத்தை நீராலோ எண்ணெயாலோ உலர்ந்த துணியாலோகூடத் துடைக்கக் கூடாது.

2. முன்புறத்தை உலர்ந்த மென்துணியால் மட்டும் துடைக்கலாம். நீரைத் தெளித்தால் சட்டத்தின் இடுக்கு வழியே உள்ளே இறங்கும்.

3. மழைநீர் ஊறும் வெளிச்சுவரிலும், நேர் வெயில் படும் இடத்திலும் மாட்டக் கூடாது. படத்துக்கும் சுவருக்கும் இடையே காற்றுப் புக இடம் விட வேண்டும்.

4. வண்ணம் உரியத் தொடங்கியிருந்தால், வண்ணப்பக்கம் மேலே இருக்குமாறு படுக்கவைக்க வேண்டும். உதிர்ந்த செதில்களைக் கொட்டிவிடாமல் ஓர் உறையில் எடுத்து வைக்க வேண்டும். விடுபட்ட இடத்தை நாமே வண்ணம் பூசி நிரப்பக் கூடாது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழம்பொருள் பாதுகாப்புக்கென வேதியியல் ஆய்வகம் உண்டு. அத்தகைய இடத்தில் கேட்டுச் செய்வதே நல்லது.

5. முதலில் செய்ய வேண்டியது புகைப்படம் எடுப்பது. முன்புறம், பின்பலகை, சட்டத்தின் மூலைகள் ஆகியவற்றை எடுத்து, படம் எந்த ஊரில் எந்த அறையில் இருந்தது, பெரியவர்கள் அதை யார் படம் என்று சொன்னார்கள் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

நூறாண்டுக்கு மேற்பட்ட ஓவியம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டப்படி தொல்பொருள் ஆகும். தனியார் எவரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உள்நாட்டில் அத்தகைய பொருள்களை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் பெற வேண்டும். காரைக்குடியின் பழம்பொருள் கடைவீதியில் நிற்பவர்க்குத் தெரியும், வீடு இடியும்போது படம் எவ்வளவு விரைவில் ஊர்பெயர் இழந்து வெறும் சரக்காகிறது என்பது.

கண்ணாடி விளையும் ஊர்

இராமானுசர் பிறந்த திருப்பெரும்புதூர் இன்று தொழிற்சாலைகளின் ஊர். 2000ஆம் ஆண்டு முதல் இங்கே செயின்ட் கோபைன் நிறுவனத்தின் தகடுக் கண்ணாடி ஆலை இயங்குகிறது. ஒருகாலத்தில் தஞ்சை ஓவியர் கப்பலுக்குக் காத்திருந்து வாங்கிய பொருள், இன்று நம் வட்டாரத்திலேயே உருகி மிதந்து வருகிறது. ஒரகடத்திலிருந்து மகிழுந்தும் சரக்குந்தும் இருசக்கர வண்டியும் புறப்படுகின்றன. அவற்றின் வலிமையை இன்னும் குதிரைத்திறன் என்றே அளக்கிறோம். கண்ணாடிக்கும் குதிரைக்கும் இங்கே குறைவில்லை. அவ்விரண்டையும் ஒரே சட்டத்துக்குள் வைத்துக் காத்த பழைய படங்களே குறைந்துவருகின்றன.

இக்கட்டுரையைப் படிப்போர் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ கண்ணாடிப் படம் இருந்தால், இவ்வாரமே ஒரு புகைப்படம் எடுத்து, அது யார் என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். வீரனின் வாள் எந்தக் கையில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.